அப்பாவைப் படுக்கவைக்க வர வேண்டாம் அத்தை

அன்பும் அதட்டலும் ஒரே குரலில் வாய்த்த புவனேஸ்வரி அத்தைக்கு,

ஏற்காட்டிலிருந்து உங்கள் தம்பி மகள் சக்தி, ஒரு கையில் பேனா இருப்பதால் ஒன்றரைக் கையால் கும்பிட்டு எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், அப்பாவின் புது முட்டி ஆகிய நால்வரும் நலம். அயோத்தியாப்பட்டணத்தில் உங்கள் நலமும் மாமாவின் பொறுமையும் நீடிக்க சேர்வராயன் சாமியை வேண்டிக்கொண்டேன். போன் இருக்க எதற்குக் கடிதம் என்பீர்கள். போனில் உங்களிடம் பேசினால் எனக்கு 'ம்' சொல்ல மட்டும்தான் இடம் கிடைக்கிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூட்டை முடிச்சோடு வந்து, மூன்று மாதம் தங்கி, அப்பாவைக் கட்டிலை விட்டு இறங்கவிடாமல் காவல் காக்கப்போவதாக அம்மாவிடம் சொன்னீர்களாம். அத்தை, தயவுசெய்து வராதீர்கள். கோபப்படுவதற்கு முன் மீதியையும் படித்துவிடுங்கள். ஆபரேஷன் முடிந்து இன்றோடு ஏழு வாரம். இப்போது மடக்கிப் பழகாவிட்டால் முட்டி அப்படியே இறுகிவிடும் என்று பிசியோதெரபி ஆசிர் சார் சொல்லியிருக்கிறார். டிசம்பரில் காப்பிப் பழம் பறிக்கத் தொடங்கினால் ஆள் கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டரான அப்பா சரிவில் ஏறி இறங்கித்தான் ஆட்களிடம் வேலை வாங்க வேண்டும். படுத்துக்கொண்டே ரைட்டர் வேலை பார்க்க வழி இருந்திருந்தால் அதை அப்பா எப்போதோ கண்டுபிடித்திருப்பார்.

கூத்து ஆபரேஷனுக்கு ஆறு வாரம் முன்பே தொடங்கிவிட்டது. முட்டியை நாங்கள் மாற்றிவிடுவோம், அதைத் தூக்கி நடக்கப்போகும் தொடை உங்களுடையதுதான், அதைப் பலப்படுத்திக்கொண்டு வாருங்கள் என்று சேலத்து டாக்டர் சொல்லி அனுப்பினார். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் காலையும் மாலையும் பத்து தடவை எழ வேண்டும், சர்க்கரையைக் குறைக்க வேண்டும், மூன்று பந்து உள்ள ஒரு டப்பாவில் மூச்சை இழுத்துப் பந்துகளை மேலே ஏற்ற வேண்டும். அப்பா இழுப்பதற்குப் பதிலாக ஒரு வாரம் ஊதினார். பந்துகள் அசையவில்லை. டப்பா ரிப்பேர் என்று முடிவுகட்டி, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போய் மாற்றி வரக் கிளம்பினார். டப்பா கெடவில்லை என்று நான்தான் அதைத் தலைகீழாகப் பிடித்து ஊதிக் காட்டினேன், மூன்று பந்தும் பறந்தன. அதை நம்பி இன்னும் இரண்டு நாள் தலைகீழாகவே ஊதினார், அந்தப் பாவம் என்னைச் சேரும். உடற்பயிற்சி நோட்டோ இன்னும் மோசம். ரைட்டர் அல்லவா, அந்த வாரம் முழுக்கச் செய்ததாகத் திங்கட்கிழமையே எழுதி வைத்துவிட்டார். ஆசிர் சார் தொடையை டேப் வைத்து அளந்து பார்த்து, "நோட்டுல எல்லா நாளும் ஆள் வந்திருக்குதுங்க, தொடைதான் வேலைக்கு வரலீங்க" என்றார். அந்த வெட்கத்தில்தான் அப்பா உண்மையாகவே எழுந்து உட்கார ஆரம்பித்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் மூன்றாவது பந்தும் மேலே போய் நின்றது. அம்மா அதற்குத் திருஷ்டி கழித்தாள். அப்பாவுக்கு இல்லை, பந்துக்கு.

ஆபரேஷன் ஆன மறுநாளே வாக்கரைப் பிடித்து நின்றார். வினை தொடங்கியது வீட்டுக்கு வந்த பிறகுதான். பிரட் பாக்கெட்டும் ஆரஞ்சுமாக ஆட்கள் பார்க்க வந்தார்கள். அதுவரை நன்றாக நடந்துகொண்டிருப்பவர், வாசலில் பைக் சத்தம் கேட்டால் போர்வைக்குள் இருப்பார். கேட்டால், அவ்வளவு தூரத்திலிருந்து பிரட் வாங்கி வந்தவர் முன்னால் எழுந்து நடந்தால் அவரை ஏமாற்றியதுபோல் ஆகிவிடுமாம். பத்து நாளில் பதினெட்டு பிரட், பாக்கெட்டுக்கு அரை மணி நேரம் படுக்கை. அடுத்த முறை ஆசிர் சார் அளந்தபோது, முன்பு மடங்கிய அளவுக்குக்கூட முட்டி மடங்கவில்லை. அவர் போன பிறகு அப்பா வாக்கரைச் சுவரோரம் தள்ளி வைத்தார். அப்புறம், "இனி நான் மேட்டுக்கு ஏறமாட்டேன் போல கண்ணு" என்றார். அத்தை, எனக்குச் சிரிப்பு வராத நாள் அது ஒன்றுதான்.

மறுநாளே ஆசிர் சாரிடம் கேட்டேன். கைத்தடியும் பக்கத்தில் ஓர் ஆளும் இருந்தால் வீட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டில் மெதுவாக ஏறலாம் என்றார். உடனே வருகிறவர்கள் எல்லோருக்கும் போன் போட்டு, அப்பா காற்றுக்காக மேலே சில்வர் ஓக் மரத்தடியில்தான் ஆட்களைப் பார்க்கிறார் என்று சொல்லிவிட்டேன். முதலில் மாட்டியவர் வெள்ளக்கடை கிராமத்துப் பெரியண்ணன் மாமா. அவர் பைக்கை நிறுத்திவிட்டு, பிரட்டும் ஹார்லிக்ஸுமாக நேராக மேலே ஏறிவிட்டார். நான் உள்ளே வந்து, அவர் மேலே காத்திருக்கிறார், நீங்கள் வராமல் இறங்கமாட்டாராம் என்றேன். அப்பா என்னைத் திட்டினார், திட்டிக்கொண்டே சட்டை போட்டார், திட்டிக்கொண்டே தடியை எடுத்தார். பிரட்டோடு ஒருவரைக் காக்கவைக்க அவருக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் அம்மா நடக்க, பத்தடிக்கு ஒரு தடவை நின்று, இருபத்தைந்து நிமிடத்தில் மேலே போய்ச் சேர்ந்தார். அங்கே பெரியண்ணன் மாமா வேரில் உட்கார்ந்து நாக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க பெரியண்ணன், நொம்ப மூச்சு வாங்குதே. ஆபரேசன் எனக்கா உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டு, அப்பா அவருடைய பிரட்டைப் பிரித்து அவருக்கே இரண்டு துண்டு கொடுத்தார்.

அன்று முதல் தினமும் மேலேதான் தரிசனம். முட்டி இப்போது நூற்றுப் பத்து டிகிரி மடங்குகிறது. நீங்கள் வந்தால் இத்தனையும் போச்சு. ஊருக்கெல்லாம் அவர் ரைட்டர், உங்களுக்கு மட்டும் தம்பி. 'படுறா' என்று ஒரு சொல் சொன்னால் படுத்துவிடுவார்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் இடுப்புவலி உங்களைக் கண்டு பயந்து ஓடட்டும். பெரிய மனசு பண்ணி என்னை வையாமல் வாழ்த்துங்கள்.

இப்படிக்கு,
வாய் நீளமான, மனசு சுத்தமான
சக்தி

பின்குறிப்பு: நான் தபால் தலை தேடப் போன நேரத்தில் அப்பா இதை முழுக்கப் படித்துவிட்டார். "எங்கக்காளை வரவேண்டாம்னு சொல்ல நீ யாரு? நானே போய்க் கூட்டிட்டு வாறேன்" என்று அம்மாவோடு சேலம் பஸ்ஸுக்குக் கிளம்பி வாசலில் நிற்கிறார். எனவே மேலே எழுதிய அனைத்தும் ரத்து, கண்டிப்பாக வாருங்கள். கவரில் தபால் தலை இல்லையே என்று தேடாதீர்கள். கொண்டுவந்து கொடுத்தவர் உங்கள் எதிரில்தான் இருக்கிறார். உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டார். நீங்கள் இதைப் படித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருப்பேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். இப்போது அவரால் முடியும் அத்தை.