வளர்த்த பாசமா, வயசுக் கோளாறா?

நன்னிலம் பக்கத்து எழில்மொழி, தான் விரும்பிய இளம்பரிதியை மயிலாடுதுறையில் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். இதனால் குடும்ப கௌரவத்துக்குக் காயம் ஏற்பட்டதாகக் கருதிய அவள் சித்தப்பா தியாகராசன், அதற்குச் சிகிச்சையாக அவள் தோளில் அரிவாளை இறக்கிவிட்டு ஓடிவிட்டார். கௌரவம் இப்போது எப்படியிருக்கிறது என்று தகவல் இல்லை. எழில்மொழி தோளில் தையலோடு அரசு மருத்துவமனையில் கிடந்தாள்.

மறுநாள் செய்திச் சேனல் நிருபர் குணசேகரன் மைக்கோடு வந்தார்.

"கொஞ்சம் அழுங்கம்மா."

"அழுதா தையல் இழுக்குது சார். நடந்ததைச் சொல்றேன், எடுத்துக்குங்க."

"நடந்தது இருக்கட்டும்மா. உங்களைத் தோள்ல தூக்கி வளர்த்தவரு, எவ்வளவு மனசு நொந்திருந்தா அரிவாளை எடுத்திருப்பாரு?"

"அவரு எங்க சார் வளர்த்தாரு? சிங்கப்பூர்லயே இருந்தாரு. போன மாசந்தான் வந்தாரு."

குணசேகரன் முகம் மலர்ந்தது. "அடடா! பாசத்துக்கு ஏங்கின மனுஷன்!"

சாயங்காலம் வார்டு டிவியில் விவாதம். தலைப்பு, 'வளர்த்த பாசமா, வயசுக் கோளாறா?' பேசியது நாலு ஆண்கள். பின்னணியில் வயலின் அழுதது. எழில்மொழி குணசேகரனுக்குப் போன் போட்டாள்.

"நானும் பேசறேன் சார்."

"நீங்க பாதிக்கப்பட்டவங்கம்மா. பேசினா ஒருதலைப்பட்சமா ஆயிடும். நாங்க நடுநிலை."

"வெட்டினவரு?"

"அவரு அடுத்து லைன்ல வர்றாரு. எக்ஸ்க்ளூசிவ்!"

"அந்த நம்பரைப் போலீசுக்குக் கொடுங்க சார்."

"அது பத்திரிகை தர்மம் இல்லம்மா."

டிவியில் தியாகராசன் தேம்பினார். அவரை மூன்று தனிப்படைகள் வலைவீசித் தேடுவதாக அதே திரையின் அடியில் எழுத்து ஓடியது. அவருக்காக வார்டே உச்சுக்கொட்டியது.

நேயர்கள் வாக்களிக்கலாம் என்றார்கள். பாசம் என்றால் ஒன்றை அழுத்தவும், வயசு என்றால் இரண்டு. நேற்றிலிருந்து எழில்மொழிக்குக் கஞ்சி ஊட்டிவிடும் பக்கத்துக் கட்டில் அம்சம், போனைக் கையில் எடுத்தாள்.

"நீங்களுமாக்கா?"

"வெட்டினது தப்புன்னு போடத்தான் எடுத்தேன் தங்கச்சி. அதுக்கு நம்பரே இல்லை."

"அப்புறம்?"

அம்சம் வெட்கத்தோடு சிரித்தாள். "எடுத்த போனை எதுக்கு சும்மா வைக்கணும்? பாசத்துக்கே ஒண்ணு போட்டுட்டேன்."