விருந்தாளிக்கு ஒரு வேலை

மலையின் பாதியில் றுஸ்தாவின் மூச்சு நின்றது. சரியாக அதே நேரத்தில் போனில் சிக்னல் வந்தது.

"மகள், ஒரு சந்தோசமான செய்தி!" உம்மா றாஹிலாவின் குரல் சொந்த ஊர் சாய்ந்தமருதிலிருந்து போன் இல்லாமலே கேட்டிருக்கும்.

"சொல்லுங்க உம்மா, எனக்கு மூச்சு வாங்குது."

"பாலர் பள்ளிக்கூடத்துச் செவருக்குப் பெயின்ட் அடிச்சி முடிஞ்சி! பச்சையும் வெள்ளையும். மாஷா அல்லாஹ், கண்ணுக்குக் குளிர்ச்சியா இரிக்கி."

றுஸ்தா பக்கத்துப் பாறையில் பொத்தென்று குந்தினாள்.

"ஆரு அடிக்கச் சொன்ன?"

"ஆரு சொல்லோணும்? ஊருக்கு விருந்தாளி வாறாங்க. அழுக்குச் செவரக் காட்டேலுமா? மரைக்கார் பள்ளிவாசல் ஸ்பீக்கர்ல ஒரு சொல்லுச் சொன்னாரு, அசர் தொழுதுட்டு ஊரே வந்து நிண்டிட்டு."

"உம்மா! அந்தச் செவருக்குப் பெயின்ட் அடிக்கத்தான் அவங்க வாறாங்க!"



"உனக்குப் பைத்தியமா புள்ள? கடல் கடந்து வாற விருந்தாளி நம்மட செவருக்குப் பெயின்ட் அடிக்கிறதா? ஊரு சிரிக்காதா?"

உம்மாவுக்கு விளங்காததில் ஆச்சரியம் இல்லை. றுஸ்தாவுக்கே இன்னும் சரியாக விளங்கவில்லை. கொழும்பில் ஒரு கம்பனி. வெளிநாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து மூன்று நாள் மலையேற்றும். அதற்குப் பிறகு மூன்று நாள் ஏதாவதொரு ஏழை ஊரில் இறக்கி, சுவருக்குப் பெயின்ட் அடிக்க வைக்கும். அதற்கு அவர்கள் காசு கட்டுகிறார்கள். வேலை தா, வேலை தா என்று நாலு வருடம் வீதியோரத்தில் பட்டதாரிகளோடு பதாகை பிடித்து வெயிலில் கருகியவளுக்கு, காசு கட்டி வேலை செய்ய வருகிற மனிதர்களைப் பார்த்தபோது முதலில் வந்தது கோபம்தான்.

ஆனாலும் அந்தக் கம்பனிதான் அவளுக்கு இணைப்பாளர் என்று ஒரு தற்காலிக வேலை கொடுத்தது. வந்தவர்கள் மனம் நிறைய வேலை செய்துவிட்டுப் போனால், குழுத் தலைவர் ஹென்றிக் நல்லதாக நாலு வார்த்தை சொன்னால், நிரந்தர நியமனம். இல்லாவிட்டால் மறுபடி பதாகை. குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள். "படிச்சி என்னத்தக் கண்டாய்?" என்று கேட்பதற்கென்றே சில மாமிமார் வீட்டுக்கு வந்து பிளேன்ரீ குடித்துவிட்டுப் போகிறார்கள்.

"றுஸ்தா! மேலே வாருங்கள்! காட்சி அற்புதம்!" உச்சியிலிருந்து ஹென்றிக் கத்தினார்.

மணலும் வயலும் கடலும் தவிர வேறெதுவும் தெரியாத ஊரில் பிறந்தவள். இதற்கு முன் அவள் ஏறிய ஆக உயரமான இடம் பல்கலைக்கழக நூலகத்தின் மேல்மாடி. அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இரவல் சப்பாத்தை மனதுக்குள் ஏசிக்கொண்டு மேலே ஏறினாள். காடு, அதற்கப்பால் வயல், அதற்கும் அப்பால் கோடு கிழித்த மாதிரிக் கடல். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் எங்கேயோ பச்சையும் வெள்ளையுமாக ஒரு சுவர் காய்ந்துகொண்டிருந்தது.

"நமது சுவர் நமக்காகக் காத்திருக்கிறது, இல்லையா?" என்று கேட்டார் ஹென்றிக்.

"ஓம்... ஓம்," என்றாள் றுஸ்தா.

இறங்கும் வழியில் மறுபடி உம்மாவை அழைத்தாள்.

"உம்மா, நான் இவங்களக் கடற்கரை துப்புரவாக்கக் கூட்டிப் போகப்போறன். அங்க ஒரு குப்பையிலயும் ஒருத்தரும் கை வெக்கப்படாது. ஒருத்தருக்கும் சொல்லவும் படாது. விளங்கிச்சா?"

"நான் ஆருக்குப் போய்ச் சொல்ல? உம்மு டீச்சர்க்கு மட்டும் சொல்லுறன். அவதானே இவங்களக் கேட்டு எடுத்த."

அது உண்மை. பாலர் பாடசாலை நடத்துகிற உம்மு டீச்சர்தான் அந்தக் கம்பனிக்கு எழுதித் தொண்டர்களைக் கேட்டவர். குரலை உயர்த்திப் பேசாத மனுசி. அவருக்குச் சொன்னால் சுவருக்குச் சொன்ன மாதிரி என்று றுஸ்தா நினைத்தாள்.

மறுநாள் புதன்கிழமை காலை கடற்கரைக்குப் போனால், மணலில் விளக்குமாறு இழுத்த கோடுகள் வரி வரியாகக் கிடந்தன. தோணிகள் கழுவப்பட்டு, பாடசாலைப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றன. மீனவர்கள் சுத்தமான சேர்ட் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு இன்னொரு வரிசையில் நின்றார்கள்.

வெளிநாட்டார் எட்டுப் பேரும் கையுறை போட்டு, ஆளுக்கொரு சாக்கோடு இறங்கினார்கள். குனிந்து குனிந்து தேடினார்கள். கடைசியில் அலையில் ஒரு பிளாஸ்டிக் போத்தல் மிதந்து வந்தது. எட்டுப் பேரும் அதை நோக்கி ஓடினார்கள்.

"டேய், விருந்தாளிட காலு நனையப்போகுது!" என்று கத்தினார் ஷரிபுதீன் மரைக்கார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். சேர்ட்டோடு கடலில் பாய்ந்தான் ஒரு இளந்தாரி. போத்தலைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான். ஊர் கை தட்டியது.

ஹென்றிக்கும் கை தட்டினார். கொஞ்சம் பிந்தித் தட்டினார்.

அன்றைக்குப் பகல் சாப்பாடு சஹனில். பெரிய தட்டு நிறைய நெய்ச்சோறு, சுற்றிவரக் குந்திச் சாப்பிட வேண்டும். மரக்கறி மட்டுமே சாப்பிடுவேன் என்று சொன்ன பெண்ணைப் பார்த்து எல்லோரும் இரக்கப்பட்டார்கள். பாவம், வறுமைப்பட்ட குடும்பம்போல என்று அவள் பக்கத்துக்கு இன்னொரு கோழிக்கால் வைத்தார்கள். சாப்பிட்ட பிறகு ஒருவராலும் எழும்ப முடியவில்லை. பின்னேரத்து வேலை தூக்கத்தோடு போயிற்று.

வியாழக்கிழமை றுஸ்தா ஒருவருக்கும் மூச்சுக் காட்டவில்லை. பாலர் பாடசாலைக்குப் பின்னால் ஒரு வடிகான் இருக்கிறது. மண்ணும் குப்பையும் இறுகி, தண்ணீர் ஓடுவதை மறந்து வருடக்கணக்காயிற்று. அதைத் துப்புரவாக்க உலகத்தில் எவனும் ஆசைப்படமாட்டான் என்ற நம்பிக்கையோடு எட்டுப் பேரையும் விடிந்த கையோடு கூட்டிப்போய், ஆளுக்கொரு மண்வெட்டி கொடுத்தாள்.

ஹென்றிக் ஓங்கினார். மண்வெட்டி கீழே வரவில்லை. பின்னாலிருந்து மரைக்கார் பிடித்திருந்தார்.

"என்ன புள்ள இது அநியாயம்? ஊருக்கு வந்த மனிசன் கான் அள்ளுறதா? நாளைக்குப் பக்கத்தூர் நிந்தவூரான் நம்மளப் பார்த்து என்ன கதைப்பான்?"

"மாமா, அவங்க அதுக்குத்தான் வந்திரிக்காங்க! காசு கட்டி வந்திரிக்காங்க!"

"காசு வேற கட்டினவங்களா?" மரைக்காருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "காசையும் வாங்கிட்டுக் கானையும் அள்ள விடுறயா? நீ படிச்ச புள்ளதானே!"

றுஸ்தாவுக்கு மண்டைக்குள் ஏதோ வெடித்தது.

"நாலு வருசமா இந்தக் கான் நாறுதே, அப்ப எல்லாரும் எங்க போன நீங்க?"

"அப்ப விருந்தாளி வரல்லயே புள்ள," என்றார் மரைக்கார் சாதாரணமாக.

கொஞ்ச நேரத்தில் தெருவே கானுக்குள் இறங்கியிருந்தது. வெளிநாட்டார் எட்டுப் பேரும் மர நிழலில் பிளாஸ்டிக் கதிரைகளில் இருத்தப்பட்டார்கள். ஆளுக்கொரு இளநீர். ஹென்றிக் கையுறையைக் கழற்றாமலே இரண்டு கையாலும் இளநீரைப் பிடித்தபடி, ஊர் வேர்க்க விறுவிறுக்க வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவர்கள் மிக நன்றாக வேலை செய்கிறார்கள், றுஸ்தா. எங்கள் முறை எப்போது?"

"நாளைக்கு," என்றாள் றுஸ்தா பல்லைக் கடித்துக்கொண்டு. "நாளைக்குக் கட்டாயம்."

நாளைக்கு வெள்ளி. கடைசி நாள். ஆனால் வெள்ளியில் ஒரு வசதி இருந்தது. ஜும்ஆ தொழுகை நேரத்தில் ஊரில் ஒரு ஆம்பிளை வெளியே இருக்கமாட்டான். பிரஷ்ஷைப் பறிக்க ஆளில்லாமல், விருந்தாளிகள் சுவருக்குப் பெயின்ட் அடிக்கக்கூடிய ஒரே நேரம் அதுதான். பாலர் பாடசாலைப் பூட்டின் திறப்பு வேண்டுமே என்பதற்காக உம்மு டீச்சரிடம் மட்டும் விசயத்தைச் சொன்னாள்.

"டீச்சர், ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க."

"நான் ஏன்கா சொல்லப்போறன்?" என்று சிரித்துக்கொண்டே திறப்பைக் கொடுத்தார் டீச்சர்.

ஒரு சிக்கல்தான் மிச்சம். சுவர் பளபளவென்று இருந்தது. அழுக்கில்லாத சுவருக்கு எந்த முட்டாள் பெயின்ட் அடிப்பான்?

குழு வருவதற்கு முன்பே றுஸ்தா தனியாக வந்தாள். பள்ளிவாசலில் குத்பா பிரசங்கம் தொடங்கியது. தெருவில் ஈ காக்கை இல்லை. கானிலிருந்து அள்ளிக் குவித்த கறுத்தச் சேறு பக்கத்திலேயே கிடந்தது. ஒரு கை அள்ளினாள். ஒரு கணம் யோசித்தாள். எறிந்தாள்.

சத்.

நினைத்ததைவிட நன்றாக இருந்தது.

இரண்டாவது கை, நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டுவிட்டு யாருடைய மகள் என்று மட்டும் கேட்ட ஐயாவுக்கு. மூன்றாவது, "பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு டிகிரி" என்ற சொந்தக்கார மாமாவுக்கு. நாலாவது, "படிச்சி என்னத்தக் கண்டாய்" மாமிக்கு. அது கொஞ்சம் பெரிய கட்டி. ஐந்தாவதை யாருக்கு எறிவது என்று யோசித்துக்கொண்டே திரும்பினாள்.

பின்னால் உம்மா நின்றாள். கையில் விருந்தாளிகளுக்கான வட்டிலப்ப இனிப்புச் சட்டி. அவளுக்குப் பின்னால் தெருவின் பெண்கள் எல்லோரும், ஆளுக்கொரு சட்டியோடு.

"யா அல்லாஹ்!" உம்மாவின் குரல் குத்பாவையும் தாண்டிப் போயிருக்கும். "நான் அப்பவே சொன்னன், மலைக்கெல்லாம் ஏறாத எண்டு! என்ட புள்ளைக்கு ஜின் புடிச்சிட்டு!"

"ஜின்னும் இல்ல ஒண்டும் இல்ல உம்மா, விடுங்க!"

"பார்த்தீங்களா, ஜின் கதைக்கிது!"

நாலு பேர் சேர்ந்து றுஸ்தாவைப் பாலர் கதிரையொன்றில் இருத்தினார்கள். முழங்கால் நாடியில் முட்டியது. யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள், யாரோ அதில் ஓதினார்கள், உம்மா அதை முகத்தில் அடித்தாள். மற்றவர்கள் சுவரைப் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டார்கள். விருந்தாளி வரப்போகிறார்கள், சுவரின் இலட்சணம் இதுவா? சேறு கழுவப்பட்டது. பெயின்ட் வாளி திறபட்டது. பிரஷ்கள் பறந்தன.

ஹென்றிக்கும் குழுவும் வந்து சேர்ந்தபோது, பெண்கள் சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஜும்ஆ முடிந்து வந்த ஆண்கள் அந்தப் பெண்களிடமிருந்து பிரஷ்ஷைப் பறித்துக்கொண்டிருந்தார்கள். இணைப்பாளர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, குழந்தைக் கதிரையில் குந்தியிருந்தாள்.

"எங்கள் முறை..." என்று தொடங்கிய ஹென்றிக்கின் வாயில் உம்மா ஒரு துண்டு வட்டிலப்பத்தை வைத்தாள்.

பின்னேரம் வான் புறப்பட்டது. எட்டுப் பேருக்கும் காற்சட்டை இறுகியிருந்தது. மடியில் தொதல் இனிப்புப் பார்சல்கள். ஹென்றிக் மட்டும் இறங்கி வந்து றுஸ்தாவைத் தனியாக அழைத்தார்.

"நான் பொய் எழுத மாட்டேன், றுஸ்தா. மலை நன்றாக ஏறினோம். ஆனால் இந்த ஊருக்கு நாங்கள் ஒரு வேலையும் செய்யவில்லை. இங்கே நாங்கள் தேவையே இல்லை." அவர் முகத்தில் உண்மையான கவலை இருந்தது. "நாங்கள் தேவைப்படும் ஊர் ஒன்று, அதுவாகவே கேட்டு வந்தால் சொல்லுங்கள். உங்கள் நியமனத்துக்கு நான் பொறுப்பு."

வான் போன தூசி அடங்கும்வரை நின்றாள். பிறகு நேரே பாலர் பாடசாலைக்கு நடந்தாள். நடக்க நடக்கக் கோபம் சூடேறியது. உம்மு டீச்சர் பின்வளவில் தனியாகக் குந்தி, பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கான் சலசலவென்று ஓடியது.

"டீச்சர், நீங்கதானே இவங்களக் கூப்பிட்ட!" கண்ணீரும் கத்தலும் ஒன்றாக வந்தன. "எட்டுப் பேர் வந்து, திண்டு, தூங்கி, ஒரு பிரஷ்ஷையும் தொடாமப் போயிட்டாங்க. நான் உங்களுக்கு மட்டும்தானே சொன்னன்! எப்பிடி ஊருக்கே தெரிஞ்ச? இனி எந்த ஊரு இவங்களக் கேக்கப்போகுது? என்ட வேலை போச்சி டீச்சர்!"

டீச்சர் கடைசிப் பிரஷ்ஷை உதறி வெயிலில் வைத்தார். சீலைத் தலைப்பில் கையைத் துடைத்தார்.

"என்னகா அழுறாய்? வேலை செய்யவா நான் அவங்களக் கூப்பிட்ட?" என்றார், அதே உயராத குரலில். "மாவடிப்பள்ளி ஊர் டீச்சர் காலையிலயே போன் கோல் எடுத்திட்டா, அவட பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுதாம், உங்கட ஊருக்கு வந்த மாதிரியே, ஒரு வேலையும் செய்யாத வெள்ளக்காரர் எட்டுப் பேர் எங்களுக்கும் வேணுமாம்!"