தன்னார்வத் தாழ்ப்பாள்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு நெடுங்காலம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, 'தன்னார்வலர் மேலாண்மை'யைக் கண்டுபிடித்தது.

அதற்கு முன் அரசுப் பள்ளிகளில் நிலவிய காட்டுமிராண்டித்தனம் சொல்லி மாளாது. குழாய் ஒழுகினால் அக்கம்பக்கத்தில் யாராவது வந்து சரிசெய்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். வரவேற்புரை கிடையாது. பயிற்சி கிடையாது. குழுப் புகைப்படம் கிடையாது. குழாய் ஒழுகாது, அவ்வளவுதான்.

இந்த அவலத்துக்கு முடிவு கட்டத்தான் கல்வி அலுவலகம் பள்ளிக்கு ஒருவராக ஒருங்கிணைப்பாளர்களை நியமித்தது. இந்தக் கதை நடக்கும் பள்ளிக்கு வந்தவர் வந்த அன்றே நூலகத்தைத் தன் அறையாக்கினார். புத்தகங்கள் மாடிப்படிக்கு அடியில் ஒதுங்கின. வாசலில் 'சமூகமே வருக' என்று பலகை மாட்டிவிட்டு, கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டார்.

தச்சருக்கு இந்த முன்னேற்றம் எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், ஐந்தாம் வகுப்பு படிக்கிற தன் மகள் பள்ளிக்கு எடுத்துப்போகும் தண்ணீரை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாள் என்பதுதான். வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள்.

"ஏண்டி, ஒரு வாய் கூடவா குடிக்கல?" என்றாள் அம்மா.

"குடிச்சா போகணும்மா. போனா பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல."

"கூட ஒருத்திய புடிச்சுக்கச் சொல்றது?"

"புடிச்சுக்கிட்டுதான் நிப்பாளுங்க. மணி அடிச்சா விட்டுட்டு ஓடிருவாளுங்க."

டாக்டர் மருந்து எழுதவில்லை. தண்ணீர் குடிக்கச் சொன்னார். அம்மா தச்சரைப் பார்த்தாள். ஊரில் பாதி வீட்டுக்குக் கதவு போட்ட மனிதரைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை.

மறுநாள் காலை தச்சர் ஒரு தாழ்ப்பாளையும் நாலைந்து ஸ்க்ரூவையும் திருப்புளியையும் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனார். போட்ட டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

ஒருங்கிணைப்பாளர் அவரை வாசலிலேயே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வாங்க, வாங்க! தன்னார்வலரா?"

"இல்லீங்க, தச்சர்."

"இப்ப தச்சர். பயிற்சி முடிஞ்சதும் தன்னார்வலர்."

"ஒரே ஒரு தாழ்ப்பாள் சார். மாட்டிட்டுப் போயிடறேன்."

ஒருங்கிணைப்பாளர் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "மாட்டிட்டுப் போயிடறதா? உங்களோட உணர்வுகளை நாங்க எப்பங்க கேட்டுத் தெரிஞ்சுக்கறது?"

பயிற்சி நூலகத்தில், அதாவது அறையில், நடந்தது. தச்சரோடு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், ஒரு நர்ஸ், ஒரு தோட்டக்காரர். நால்வரும் வட்டமாக நின்று ஒரு நூல்கண்டை ஒருவர் மாற்றி ஒருவர் எறிந்து பிடித்தார்கள். முடிவில் நூல் சிக்கிக்கொண்டது. "இதுதான் சமூகம்" என்றார் ஒருங்கிணைப்பாளர். நர்ஸ் கத்தரிக்கோல் கேட்டார். அவருக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்று முடிவாயிற்று.

அடுத்து பணி ஒதுக்கீடு. நர்ஸுக்குத் தோட்டம். தோட்டக்காரருக்கு முதலுதவி. கணக்கு வாத்தியாருக்குக் கட்டடப் பராமரிப்பு. தச்சருக்குக் கணக்கு.

"ஏதோ மாறிப் போச்சுங்க" என்றார் தச்சர்.

"மாறல. அதுதான் விதி. தச்சர் தச்சு வேலை செஞ்சா அது வேலை. வேலைன்னா கூலி குடுக்கணும். குடுக்காம வேலை வாங்கினா சுரண்டல். இந்தப் பள்ளி யாரையும் சுரண்டாது."

"அப்ப கூலி வாங்கிக்கிறேன். பேருக்கு ஏதாவது குடுங்க."

"கூலி வாங்கினா நீங்க வெளியாள். வெளியாளை உள்ள விட எனக்கு அதிகாரம் இல்ல."

தச்சர் இதை எந்தப் பக்கத்திலிருந்து பிடிப்பது என்று தேடிப் பார்த்தார். பிடி கிடைக்கவில்லை. தாழ்ப்பாளை எடுத்துக் கணக்கு வாத்தியார் கையில் கொடுத்தார். வாத்தியார் அதை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "இதுல மேல் பக்கம் எது?" என்று கேட்டார்.

தச்சர் கணக்கு எடுக்கப் போனார்.

"ஒரு கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். அப்ப அஞ்சு கதவுக்கு எத்தனை தாழ்ப்பாள்?"

"ஒண்ணுமில்ல சார்" என்றது வகுப்பு ஒரே குரலில். போய்ப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளின் விடை அது. தச்சரால் தப்புப் போட முடியவில்லை.

ஆனால் அந்த 'சார்' அவர் காதிலேயே தங்கிவிட்டது. இதுவரை அவரை யாரும் சார் என்று அழைத்ததில்லை. 'ஏப்பா' என்பார்கள், போட்ட கதவு சரியாக மூடாவிட்டால் அதுவும் கிடையாது. சட்டையில் பேட்ஜ் வந்தது. அதைக் கழற்றாமலே சாப்பிட உட்கார்ந்தார். மீசையைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினார்.

"அப்பா, தாழ்ப்பாள் எப்பப்பா?" என்று மகள் கேட்டாள்.

"அது பராமரிப்புப் பிரிவு, கண்ணு."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "எந்தப் பிரிவா இருந்தா என்ன? பாவம், புள்ளைக்கு வயிறு ஒண்ணுதானே!"

மற்ற பிரிவுகள் சிறப்பாகவே நடந்தன. வெயிலில் மயங்கி விழுந்த பிள்ளைக்குத் தோட்டக்காரர் காலடியில் தண்ணீர் ஊற்றினார். நர்ஸ் ரோஜாச் செடிக்குக் காய்ச்சல் பார்த்தார். கணக்கு வாத்தியார் கதவை அளந்தார், மறுபடி அளந்தார், இரண்டுக்கும் சராசரி எடுத்தார். கடைசியில் ஒரு நாள் தாழ்ப்பாள் கதவில் ஏறியது.

தச்சர் போய்ப் பார்த்தார்.

"வாத்தியாரே, இது வெளிப்பக்கமா இருக்கே!"

"கதவு மூடி நிக்கணும்னுதானே சொன்னாங்க? நிக்குது பாருங்க. யாரு தள்ளினாலும் திறக்காது."

"உள்ள இருக்கறவங்க?"

"அவங்க கேள்வியிலேயே இல்லையே."

இந்த நேரத்தில்தான் பெரிய அலுவலகத்திலிருந்து மேலதிகாரி அம்மாள் பார்வையிட வந்தார். நெடுந்தூரப் பயணம். வழியெல்லாம் இளநீர், மோர் என்று உபசாரம். ஒருங்கிணைப்பாளர் வரவேற்புரையைத் தொடங்கி, அதன் நடுப்பகுதிக்கும் வந்துவிட்டார். அம்மாள் எழுந்து நின்றார்.

"இங்க... அது எங்க இருக்கு?"

"எது அம்மா? எங்க தொலைநோக்கா?"

"கழிப்பறைய்யா!"

ஊர்வலம் கிளம்பியது. அம்மாள் உள்ளே போனார். அவருடைய கண்ணியத்துக்குக் காவலாக, ஒருங்கிணைப்பாளர் தன் கையாலேயே வெளித் தாழ்ப்பாளைப் போட்டார். கைதட்டல் எழுந்தது. அதன் பிறகு தாழ்ப்பாள் அசையவில்லை. சராசரி எடுத்த இடத்தில் அது நன்றாகக் கடித்துக்கொண்டுவிட்டது.

"திறங்கய்யா!" என்றது கதவு.

"ஒரு நிமிஷம் அம்மா. பராமரிப்புத் தன்னார்வலருக்குச் சொல்லியனுப்பியிருக்கோம்."

வாத்தியார் வந்தார். அளவுநாடாவைப் பிரித்தார்.

"அங்க ஒரு தச்சர் கூடவா இல்ல?"

தச்சர் முன்னால் வந்து பேட்ஜைச் சரிசெய்துகொண்டார். "இருக்கேன்மா. ஆனா நான் இங்க கணக்கு."

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அதைத் திட்டு என்றும் சொல்லலாம், அழுகை என்றும் சொல்லலாம். அப்படி ஒரு சத்தத்தைத் தச்சர் தினமும் சாயங்காலம் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பேட்ஜைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். தோள்பையிலிருந்து திருப்புளியை எடுத்தார்.

"சார், விதி!" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"தள்ளி நில்லுங்க."

கதவு திறந்தது. அம்மாள் வியர்வையில் நனைந்து, யாரையும் பார்க்காமல் நேராகக் காருக்குப் போனார். எல்லோரும் காருக்குப் பின்னால் ஓடினார்கள். ஓடாதவர் தச்சர் ஒருவர்தான். அவர் தாழ்ப்பாளை உள்பக்கம் வைத்து முடுக்கினார். இழுத்துப் பார்த்தார். நின்றது. அன்று சாயங்காலம் மகள் கூடத்தில் குதித்துக்கொண்டு விளையாடினாள்.

மறுநாளே நடவடிக்கை வந்தது. 'சொந்தத் தொழிலைத் தொண்டாகச் செய்த' குற்றத்துக்காகத் தச்சர் நீக்கப்பட்டார். குற்றத்தின் தடயம் என்ற முறையில் தாழ்ப்பாளைக் கழற்ற உத்தரவாயிற்று. கழற்றுவதில் கணக்கு வாத்தியார் அபாரத் தேர்ச்சி காட்டினார்.

பெரிய அலுவலகமும் சும்மா இருந்துவிடவில்லை. நடந்ததை ஆழ்ந்து பரிசீலித்து, எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. 'பார்வையிடச் செல்லும் அதிகாரிகள், புறப்படுவதற்கு முன்னரும் பார்வையின்போதும் நீர் அருந்துவதை அறவே தவிர்க்க வேண்டும். அதற்கான பயிற்சியைப் பள்ளி ஒருங்கிணைப்பாளர்கள் தன்னார்வலர்களைக் கொண்டு வழங்க வேண்டும்.'

ஒருங்கிணைப்பாளர் தச்சர் வீட்டுக்கே வந்தார். பழைய கோபம் எதுவும் அவரிடம் இல்லை. பெரிய மனசு.

"உங்க பொண்ணு நாள் முழுக்கத் தண்ணி குடிக்காம இருப்பாளாமே? அதிகாரிகளுக்குப் பயிற்சி குடுக்க அவளைத்தான் போடலாம்னு இருக்கோம்."

தச்சர் கையிலிருந்த இழைப்புளியைக் கீழே வைத்தார். "அவளுக்கு அது கை வந்த தொழில் சார். தெரிஞ்ச தொழிலைச் செய்யக் கூடாதுன்னு உங்க விதி இருக்கே."

 ஒருங்கிணைப்பாளரின் முகம் மெல்ல மலர்ந்தது. கண் கூடக் கலங்கியது.

"இது எப்படி சார் தொழிலாகும்? யாரும் கூலி குடுக்கல. யாரும் ஒரு நன்றி சொல்லல. பள்ளிக்கூடத்துல சேர்ந்த நாள்லேருந்து தன்னாலேயே செஞ்சிக்கிட்டு வர்றாளுங்க, அத்தனை பொண்ணுங்களும். உண்மையான தன்னார்வலருங்க அவங்கதான் சார். நாங்கதான் இத்தனை நாளாக் கவனிக்கல!"