என் அப்பா கொடுக்காத பேட்டி

பத்திரிகைக்காரன் பொய் எழுதலாமா? கூடாது. நான் எழுதியிருக்கிறேன். அதுவும் பெற்ற அப்பாவின் பெயரில்.

அப்போது நான் ஒரு நாளிதழுக்கு விக்கிரமங்கலம் பக்கத்துப் பகுதிநேர நிருபர். ஊழலை ஒழிக்கவே பிறந்தவன் என்ற நினைப்பு வேறு. (பைக்கில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு 'பிரஸ்' ஸ்டிக்கர்.) செய்த வேலை என்னவோ, அதிகாரிகள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்திக்குறிப்புக்குத் தலைப்பு வைத்து அனுப்புவதுதான்.

ஒருநாள், எங்கள் ஊர்ப் பாசன வாய்க்கால் தூர்வாரி முடிக்கப்பட்டதாகக் குறிப்பு வந்தது. பொக்லைன் நிற்கும் படமும் கூடவே வந்தது. வாய்க்கால் எங்கள் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர். நல்ல வெயில், போகவில்லை. இந்த மாதிரிச் செய்தியின் கடைசிப் பத்தியில் ஒரு விவசாயி மகிழ்ச்சி தெரிவித்தே ஆகவேண்டும், அது எங்கள் தொழில் வழக்கம். அந்த நேரத்தில் விவசாயிக்கு எங்கே போவது? உள்ளே அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். 'கடைமடை வரை தண்ணீர் பாய்கிறது, அரசுக்கு நன்றி என்றார் விவசாயி கலியபெருமாள்' என்று தட்டிவிட்டேன். மறுநாளே அச்சில் வந்தது. அப்பா அந்தப் பேப்பரைப் படிப்பதில்லை. (நான் எழுதுவதால்தான் என்பாள் அம்மா.)

இரண்டு வாரம் கழித்து அரியலூரில் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம். நிருபர்கள் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். மைக்கைப் பிடித்தவரைப் பார்த்ததும் கால் தானாகக் கீழே இறங்கியது. அப்பா!

"ஐயா, எங்க வாய்க்கால்ல ஒரு கூடை மண்ணுகூட எடுக்கலைங்க. நட்ட பயிரு காயுது. பத்து நாள்ல தண்ணி வரலேன்னா இந்தப் போகமே போச்சுங்க."

சம்பந்தப்பட்ட அதிகாரி அலட்டிக்கொள்ளவே இல்லை. ஃபைலிலிருந்து ஒரு பேப்பர் துண்டை எடுத்தார்.

"உங்க பேரு?"

"கலியபெருமாளுங்க."

"வேலை முடிஞ்சிருச்சு, அரசுக்கு நன்றின்னு நீங்களே பேட்டி குடுத்திருக்கீங்களே பெரியவரே!"

கூட்டமே சிரித்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடக்காத வேலைக்கு நானே சாட்சி தயாரித்துக் கொடுத்திருக்கிறேன். அப்பா அந்தத் துண்டை வாங்கிக் கண்ணருகே வைத்துப் படித்தார். "நான் யாருகிட்டயும் பேசலைங்களே" என்றார். அப்புறம் எந்தப் பேப்பர் என்று பார்த்தார். மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எழுந்தேன்.

"சார், அவரு பேசவே இல்ல. நான்தான் எழுதினேன். வாய்க்காலையும் போய்ப் பாக்கல. அவரு... எங்கப்பாங்க."

அதுவரை நான் கொடுத்த செய்திகளில் உண்மையானது அது ஒன்றுதான். பக்கத்தில் இருந்த நிருபர்கள் அத்தனை பேரும் குறித்துக்கொண்டார்கள்.

மறுநாள் எல்லாப் பேப்பரிலும் வந்தது. (என் பேப்பரில் மட்டும் வரவில்லை. என்னையும் அன்றோடு வரவேண்டாம் என்றார்கள்.) மூன்றாம் நாள் பொக்லைன் வந்தது, நிஜமாகவே. தண்ணீர் வருவதற்குள் பாதிப் பயிர் காய்ந்துவிட்டது.

போன மாதம் தங்கையைப் பெண்பார்க்க வந்தார்கள். "எங்க பையனை உங்களுக்குப் புடிச்சிருக்குங்களா?" என்று அப்பாவிடம் கேட்டார்கள். அப்பா என்னைக் கைகாட்டினார்.

"அவன்கிட்ட கேளுங்க. எனக்குப் புடிச்சிருக்கா இல்லையான்னு அவன்தான் எழுதுவான்."