தட்டுக்குச்சி அண்ணனும் என் முன்பல்லும்

எனக்கு எழுத்து சரியாக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவள். ஞாபகமும் முன்னே பின்னே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை அடித்துச் சொல்வேன். பல்லுக்கான இன்சூரன்ஸை எங்கள் தட்டுக்குச்சி அண்ணன் மாதிரி கசக்கிப் பிழிந்தவர் விருத்தாசலத்தில் மட்டுமல்ல, இந்த உலகத்திலேயே கிடையாது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஏதோ ஒரு வருஷம். நாங்கள் வேலை செய்த பீங்கான் கம்பெனியில் முதலாளி எல்லோருக்கும் ஓர் அட்டை கொடுத்தார். ஒரு தொகை வரைக்கும் பல் வைத்தியம் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். மார்ச்சுக்குள் பார்க்காவிட்டால் அந்த வருஷத்து அட்டை வீண். எது வீணானாலும் அண்ணனுக்குச் சோறு இறங்காது.

சூளையிலிருந்து வரும் கோப்பைகளைச் சின்ன மரக்குச்சியால் தட்டி, ஓசை கேட்டுப் பிரிப்பது அவர் வேலை. டிங் என்றால் நல்லது. டொக் என்றால் உள்ளே விரிசல்; உடைசல் குவியலுக்குப் போய்விடும். அட்டை வந்ததும் அந்தக் குச்சி எங்கள் வாய்க்குள் வந்துவிட்டது.

டீ நேரத்தில் எங்களை வரிசையாக நிற்க வைப்பார்.

"ஆ காட்டு. இன்னும் பெருசா. சூளை வாயாட்டம் தொறக்க வேணாமா? இது டிங்கு. இதுவும் டிங்கு. இது டொக்கு! கெளம்பு பல்லு டாக்டரம்மாகிட்ட!"

வாட்ச்மேனின் கடைவாய்ப் பற்கள் இரண்டும் அப்படித்தான் போயின. "வலியே இல்லியேப்பா" என்று அவர் கெஞ்சினார். "வலிக்கிறப்ப அட்டை இருக்குமா? இருக்கிறப்பவே புடுங்கிக்க!"

வேடிக்கை என்னவென்றால், அண்ணனுக்கு முப்பத்திரண்டும் டிங்குதான். ஒன்றாவது சொத்தையாகட்டும் என்று மாதக்கணக்கில் வெல்லத்தை வாயில் அடக்கிக்கொண்டு திரிந்தார். வெல்லம்தான் தீர்ந்தது. "இதுல எனக்கு வேலையே இல்லீங்க" என்று டாக்டரம்மா சொன்னதற்கு, "அப்பிடி சொல்லாதீங்கம்மா, தேடிப் பாருங்க" என்று நாற்காலியைவிட்டு இறங்க மறுத்தாராம். கடைசியில் பல்லைச் சுத்தம் செய்து அனுப்பினார்கள். அதைக் கம்பெனி முழுக்க ஈயென்று காட்டிக்கொண்டு வந்தார்.

ஒரு பிப்ரவரியில் எனக்கு முன்பல் வலித்தது. நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவள் நான். முன்பல்லும் போய்விட்டால் அப்புறம் வாயே திறக்க மாட்டேன். பயந்துபோய் யாரிடமும் சொல்லவில்லை. டீயில் பன்னை ஊற வைத்துத் தின்றதை அண்ணன் பார்த்துவிட்டார். தட்டினார். டொக்.

"கழிவு, தங்கச்சி. புடுங்கிடலாம்."

"வேணாண்ணே. முன்னாடி பல்லுண்ணே."

"வெடிச்ச கோப்பைய ஒட்டவா முடியும்? வா."

டாக்டரம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தம்மா பார்த்துவிட்டு, "எதுக்கு அழுவுறீங்க? இதை எடுக்கவே வேணாம். வேர்ல வைத்தியம் பண்ணி மூடிட்டா நிக்கும்" என்றார்.

"டொக்குன்னு கேட்டுச்சேம்மா?" என்றார் அண்ணன்.

"பல்லு கோப்பை இல்லீங்க. தட்டிப் பாத்துத் தூக்கிப் போடுறதுக்கு."

அண்ணன் முகம் செத்துப்போனது. "அப்ப வாட்ச்மேனோட ரெண்டும்?"

"அது நெசமாவே சொத்தைங்க."

அப்புறம்தான் மூச்சுவிட்டார். "இந்த வைத்தியத்துக்கு அட்டையில எவ்வளவு போவும்?"

"பூராவும் போயிடும்."

"பூராவுமா!" எங்கள் ஊர்ச் சாமி பழமலைநாதரே எதிரில் வந்ததுபோலக் கும்பிட்டார். "தங்கச்சி, நீ குடுத்து வச்சவ!"

சிக்கல் அப்புறம்தான். பல தடவை போக வேண்டும், எல்லாம் மார்ச்சுக்குள். என் வேலை, சூளைக்குப் போகும் முன் கோப்பையின் அடியில் ஒட்டிய பூச்சைத் துடைப்பது. நான் இல்லாவிட்டால் சூளை ஏற்றுவது தள்ளிப்போகும். "பல்லா வேலையான்னு நீயே முடிவு பண்ணிக்கம்மா" என்றுவிட்டார் சூப்பர்வைசர். போனால் போகிறது பல் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணனுக்கு அப்போது ராத்திரி ஷிப்ட். மறுநாள் காலை, வேலை முடிந்த அண்ணன் வீட்டுக்குப் போகாமல் வந்து என் பலகையில் உட்கார்ந்தார். பெண்கள் வரிசை அது. ஒரே சிரிப்பு.

"ஏண்ணே, வளையலு வாங்கியாரட்டுமா?"

"செவப்பா பாத்து வாங்கியா" என்றவர், தலை நிமிராமல் ஒரு கோப்பையைக் கவிழ்த்துத் துடைத்தார். "நீ போ தங்கச்சி. அட்டை வீணாப் போவுது."

ஒவ்வொரு தடவையும் அப்படியே. கண் சிவந்திருக்கும், பாதித் தூக்கத்தில் தலை ஆடும், கை மட்டும் துடைத்துக்கொண்டிருக்கும். எல்லாம் முடிந்து வந்த அன்று அவரிடம் வாயைத் திறந்து காட்டினேன். குச்சியைக் கிட்டே கொண்டுவந்தவர், தட்டாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நல்லாருக்குது. சாப்பிட்டியா?"

எந்த வருஷம், அட்டை முடிந்தது மார்ச்சா ஏப்ரலா, எனக்கு உறுதியில்லை. அங்கே வேலை செய்தவர்கள் யாராவது இதைப் படித்தால் பார்த்துத் திருத்துங்கள். அத்தனை நாள் அவர் தூங்காமல் வந்தது அட்டைக்காகத்தான் என்று மட்டும் திருத்திவிடாதீர்கள்.