காயட்டும் அக்கா

விருத்தாசலத்து வெயிலை நம்பாத ஒரே பிறவி காயட்டும் அக்காதான். கொடியில் போட்ட துணிக்குக் கிளிப் மாட்டுவதற்குள் அது அப்பளமாகிவிடும் ஊர் அது. அங்கே உட்கார்ந்துகொண்டு "இன்னும் காயலைங்க" என்று சொல்ல அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

வாடகைப் பத்திரத்தில் அவருக்கு வேறு ஏதோ பெயர் இருந்தது. மறந்துபோயிற்று. வங்கி வேலைக்காக அந்த ஊருக்குப் போன நான், செராமிக் சூளைகளுக்குப் பின்தெருவில் அவர் வீட்டு மாடியில் நான்கு வருடம் குடியிருந்தேன். ஆளை வேகவைக்கும் அந்தத் தெருவில் அக்கா செய்தது, கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஸ்கார்ஃப்!

எப்படிச் செய்கிறார் என்பதை யாரும் கேட்கவேண்டியதில்லை. கேஸ்காரரைத் தோளில் சிலிண்டரோடு நிறுத்திவைத்துச் சொல்வார்.

"மொதல்ல கடுக்கா தண்ணில துணிய ஊற வெக்கணும். அப்புறம் இதுங்கள வெச்சு இறுக்கிக் கட்டணுங்க."

'இதுங்க' என்பது சூளைகள் கழித்துப்போட்ட பீங்கான். மூக்குடைந்த பொம்மை, விளிம்பு போன பியூஸ் கட்டை. ஒவ்வொன்றையும் துணிக்கடியில் வைத்து நூலால் முடிச்சுப் போட்டால், மொத்தத் துணியும் பண்ருட்டிப் பலாப்பிஞ்சு மாதிரி ஆகிவிடும். அதை வெங்காயத் தோல் கொதிக்கும் சாயத்தில் முக்கி எடுப்பார். முடிச்சுக்குள் சாயம் போகாத இடமெல்லாம் பிறகு வெள்ளைப் பூவாகும்.

"அவுக்கறது எப்பக்கா?" என்பேன்.

"காயட்டும்."

முடிச்சுப் போட்ட துணி மூட்டையைக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடுவார். ஆள் எங்கோ போய்விடுவார். பக்கத்தில் பால் பொங்கும், வாசலில் ஹாரன் அடிக்கும், எதுவும் எட்டாது. ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, "உள்ள ஈரம் இருக்குது. இப்ப அவுத்தா சாயம் ஓடிப் பூவெல்லாம் செத்துப்பூடும்" என்பார்.

செய்முறையை போனில் வீடியோவும் போடுவார். கட்டுவது இரண்டு நிமிடம், முக்குவது ஒரு நிமிடம், மூட்டை காய்வது ஒன்றேகால் மணி நேரம். மாமரத்து நிழல் மூட்டைமேல் மெதுவாக நகரும், அவ்வளவுதான் கதை. யார் பார்ப்பார்கள் என்று நான் சிரித்தேன். மறுவாரமே மங்கலம்பேட்டையிலிருந்து ஓர் அம்மா வந்து நின்றார்.

"எங்க வூட்டுக்காரரு துபாய்ல இருக்காருங்க. தூக்கமே வராது. ஒங்க துணி காயறதப் போட்டுட்டுதான் இப்ப தூங்குறாரு."

அக்கா முகத்தில் அன்று வந்த பெருமை, விருது வாங்கினவர்கள் முகத்தில்கூட நான் பார்த்ததில்லை.

எனக்கு ஷில்லாங்குக்கு மாற்றல் வந்தது. குளிரூர். நான்கு வருடத்தில் முதல்முறையாக எனக்கே ஒரு ஸ்கார்ஃப் தேவைப்பட்டது. அக்கா உடனே கட்டினார், முக்கினார். ரயிலேறும் நாளும் வந்தது. மூட்டை மட்டும் காயவில்லை. ஜங்ஷனில் பிளாட்பாரம் என்றும் பாராமல் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடினார். ரயில் நகர ஆரம்பித்த பிறகுதான் கண் திறந்தது. அப்படியே ஜன்னல் வழியாகத் திணித்தார்.

"அங்க போயி காய வெச்சிக்கங்க தம்பி. அவசரப்பட்டு அவுத்துடாதீங்க!"

ஷில்லாங்கில் மழை. எட்டு நாள் பொறுத்து ஒன்பதாம் நாள் நூலை வெட்டினேன். தேன் நிறத் துணியெங்கும் வெள்ளைப் பூக்கள். ஒன்று மூக்குடைந்த பொம்மையின் வடிவம். பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்த ஞாயிறு அக்கா போன் செய்தார். "தம்பி, காஞ்சிச்சா?" நான் பதில் சொல்வதற்குள் தெருக் கதை முழுவதையும் கொட்டினார். மங்கலம்பேட்டை அம்மாவின் துபாய் வீட்டுக்காரர் லீவில் வந்தாராம். அசல் மூட்டையைப் பார்த்ததும் வாசலிலேயே கொட்டாவி விட்டாராம். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. காய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டால், அடுத்த ஞாயிறு எதைக் கேட்க போன் செய்வார்? விருத்தாசலத்தில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

"இல்லக்கா. இங்க மழை. உள்ள ஈரம் இருக்குது."

"காயட்டும், காயட்டும்!" என்றார், அவ்வளவு சந்தோஷமாக.

ஒன்றரை வருடமாக அந்தத் துணி காயவில்லை. ஞாயிறு தவறியதும் இல்லை. விருத்தாசலத்துக்காரர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து போட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

போட்டுக்கொடுத்தாலும் இனி பாதகமில்லை. போன ஞாயிறு வழக்கம்போல் "இன்னும் காயலக்கா" என்றேன்.

"அங்க குளிரு ஜாஸ்தியாமே தம்பி. அது காயற வரைக்கும் கழுத்துல நல்லா சுத்திக்கிட்டு இருங்க."

"சுத்திக்கிட்டுதான் இருக்கேன்க்கா" என்றேன்.