பீரங்கியாரும் மண்கோட்டை வெடியும்

உலகத்தில் எந்தக் கோட்டையை எந்தப் பீரங்கி இடித்தது என்று சிவகாசி பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான். எங்கள் பட்டாசுக் கம்பெனியில் லாரி புக்கிங் பார்த்தார். நான் அங்கே லேபிள் வரைகிறவன். சொந்தப் பெயர் அவருக்கே சம்பள நாளில்தான் ஞாபகம் வரும். மற்ற நாளெல்லாம் பீரங்கியார்.

லாரி தாமதமானால், "துருக்கி சுல்தான் கான்ஸ்டான்டிநோபிள் கோட்டையை இடிக்க, மலை மாதிரி பீரங்கியை மாடு பூட்டி இழுத்துட்டுப் போனான். நீங்க இந்தா பக்கத்துல இருக்க நாரணாபுரத்துல இருந்து ஒரு லோடு கொண்டார மாட்டேங்கிறீக!" என்பார்.

"அவனுக்கு டோல்கேட் இல்லை அண்ணாச்சி" என்பான் டிரைவர்.

தஞ்சாவூருக்குக் கல்யாணத்துக்குப் போனவர், தாலி கட்டும் நேரத்தில் காணாமல் போனார். மனைவி தேடிப் போனால், அங்குள்ள பெரிய பீரங்கியின் வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறார்.

"என்ன செய்யுதீக?"

"எதிராளி கடைசியா என்னத்தப் பாத்திருப்பான்னு பாக்கேன்."

"வெளிய வாங்க, நானே காட்டுறேன்."

ஒரு சீசனில் வடக்கே இருந்து, வந்து போய்த் தமிழ் பழகிய பெரிய வியாபாரி ஒருவர் வந்தார். அவர் ஆர்டரை நம்பித்தான் கம்பெனியே இருந்தது. புது வெடிக்கு 'பீரங்கி' என்று பெயர் வைத்து, லேபிளும் வரைந்திருந்தேன். "இன்னைக்கு ஒருநாள் வாயைத் தொறக்காதீக" என்று முதலாளி பீரங்கியாரைக் கெஞ்சியிருந்தார்.

வியாபாரி லேபிளைப் பார்த்துச் சிரித்தார். "பீரங்கி வெள்ளைக்காரன்கிட்டதானே இருந்துச்சு? உங்ககிட்ட என்ன இருந்துச்சு?"

பீரங்கியார் எழுந்தார். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

"வாஸ்தவம் சார். எங்ககிட்ட இருந்தது பாஞ்சாலங்குறிச்சியில ஒரு மண்கோட்டை. சுட்டான். குண்டை மண்ணு வாங்கிக்கிடுச்சு. ஏறி வந்தவனை ஈட்டியால குத்தித் தள்ளுனாக. பெறகு இன்னும் பெரிய பீரங்கியா வரவழைச்சுத்தான் அதை உடைக்க முடிஞ்சுச்சு. வெறும் மண்ணு சார். அதுக்கு அம்புட்டுப் பீரங்கி வேண்டியிருந்துச்சு!"

லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த பெண்கள்கூட வாசலில் வந்து நின்றுவிட்டார்கள்.

வியாபாரி லேபிளைக் கவிழ்த்து வைத்தார். ஆர்டர் போயிற்று என்றே நினைத்தேன்.

"பீரங்கி வேண்டாம்" என்றார். "அந்தக் கோட்டையைப் போடுங்க."

அன்று முழுக்க பீரங்கியார் என் முதுகுக்குப் பின்னால் நின்று, "செவுரு இன்னும் தடியா வரைலே" என்று உயிரை வாங்கினார். 'மண்கோட்டை' வெடி தீபாவளிக்கு முன்பே விற்றுத் தீர்ந்தது.

இப்போது அவர் சாத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அந்த ஊரில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் மாதம் ஒருமுறை பஸ் ஏறிவிடுகிறேன்.